கலங்கரை விளக்கத்தில் தொலைத்த 13 மணி நேரம்

கேமின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதைப் பிடித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. தொண்ணூறுகளில் வந்த ஒரு பாயின்ட் அண்ட் கிளிக் அட்வென்ச்சர், அவ்வளவு தெரிந்தால் போதும். ஒரு தீவு, அதில் ஒரு கலங்கரை விளக்கம், விளக்குக்காரரைக் காணோம். அவரைத் தேடி வரும் மருமகன்தான் நாம். கண்ணில் படுவதையெல்லாம் கிளிக் செய்து, கிடைப்பதைப் பையில் போட்டுக்கொண்டு, எதை எதோடு சேர்ப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். சின்ன வயதில் நானும் அண்ணனும் ஒரு விடுமுறை முழுக்க இதிலேயே கிடந்தோம். மவுஸ் அவன் கையில், நோட்டு என் கையில். ஒரு புதிரில் நான்கு நாள் மாட்டிக்கொண்டு, ஐந்தாம் நாள் காலையில் பல் தேய்க்கும்போது அண்ணன் நுரையோடு ஓடிவந்து விடையைச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

அதே கேமை இன்றைய கிராஃபிக்ஸில் புதிதாகச் செய்கிறார்கள் என்று தெரிந்தபோது நான் யோசிக்கவே இல்லை. ட்ரெய்லரில் அலை அடித்தது, விளக்கு சுழன்றது, எனக்குத் தொண்டை அடைத்தது. வெளிவர இரண்டு மாதம் இருக்கும்போதே முழு விலையும் கட்டி முன்பதிவு செய்தேன். அதற்குப் பரிசாக ஒரு தொப்பி கொடுத்தார்கள். எனக்கில்லை, கதாநாயகனுக்கு. எல்லாம் முடிந்த பிறகு அந்த ட்ரெய்லரைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை நிமிடத்தில் ஒரு இடத்தில்கூட மவுஸ் கர்சர் இல்லை. பாயின்ட் அண்ட் கிளிக் கேமின் விளம்பரத்தில் பாயின்ட்டும் இல்லை, கிளிக்கும் இல்லை. அதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் ட்ரெய்லரைப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. யாராவது வெட்டாமல் ஒட்டாமல் விளையாடிய வீடியோவில் ஒரு பத்து நிமிடம் பார்க்கிறேன். அதில் ஒன்றே ஒன்றைக் கவனித்தால் போதும்: கதாநாயகன் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க எவ்வளவு நேரம் ஆகிறது? இந்த மாதிரிக் கேமில் அந்த நடையை நூற்றுக்கணக்கான தடவை பார்க்க வேண்டியிருக்கும். வாசலில் இரண்டு தடவை கிளிக் செய்தால் நேராக அடுத்த திரைக்குப் போகிறானா என்றும் பாருங்கள். என் ஆள் போகவில்லை. தொப்பியோடு ஆடி அசைந்து நடந்தான்.

இன்னொன்றையும் வாங்கும் முன் பார்த்திருக்க வேண்டும். ரீமாஸ்டர் என்றால் பெரும்பாலும் பழைய கேம் உள்ளே அப்படியே இருக்கும், மேலே படத்தையும் ஒலியையும் புதுப்பித்திருப்பார்கள். ரீமேக் என்றால் அடிமட்டத்திலிருந்து மறுபடி கட்டியது, பழையதில் எது மிஞ்சும் என்பது கட்டுகிறவரின் மனதைப் பொறுத்தது. 1990இல் வந்த மங்கி ஐலேண்டுக்கு 2009இல் ஸ்பெஷல் எடிஷன் வந்தபோது, கணினியில் எஃப்10 விசையை அழுத்தினால் புதுப்படம் மறைந்து பழைய பிக்சல் படம் வரும். அந்த நொடியில் எங்கே நின்றோமோ அதே இடத்தில். டே ஆஃப் தி டென்டக்கிளின் 2016 ரீமாஸ்டரிலும் பழசுக்கும் புதுசுக்கும் மாறிக்கொள்ளலாம். இந்த ஒரு விசை இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. புதுப்படத்தில் எது என்னவென்று புரியாவிட்டால் பழசைப் பார்த்துத் தெளிந்துகொள்ளலாம். ரீமேக் என்றாலே மோசம் என்றும் சொல்ல மாட்டேன். 1997இன் ரிவன் என்ற கேமை, முதலில் செய்த அதே சயான் நிறுவனம் 2024இல் முழு முப்பரிமாணமாகத் திரும்பச் செய்தது, சில புதிர்களையே மாற்றி அமைத்தது. பழைய விடை தெரிந்தவனும் மறுபடி யோசிக்க வேண்டும். எதை ஏன் மாற்றுகிறோம் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை. எனக்குக் கிடைத்தது அப்படிப்பட்டதல்ல. என்னுடையதில் பழையதற்கு மாறும் விசையும் கிடையாது.

வெளியான அன்று இரவே உட்கார்ந்தேன். தொடக்கக் காட்சியே 14 நிமிடம், தாண்டிப்போக வழியில்லை. பழைய கேமில் படகு வந்து கரையில் முட்டும், அவன் இறங்குவான், கர்சர் நம் கைக்கு வந்துவிடும். இங்கே அவன் அம்மாவிடம் பேசுகிறான், ரயிலில் தூங்குகிறான், கனவு காண்கிறான். நடுவில் ஒரு அழைப்பு வந்தது, பாஸ் போட்டுவிட்டு எழுந்து போய் ஒரு மணி நேரம் பேசினேன். இந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு வேட்டு வைத்தது. நான் கேம் வாங்கிய இணையக் கடையான ஸ்டீமில் பணம் திரும்பக் கேட்க 14 நாள் அவகாசம் உண்டு, ஆனால் விளையாடிய நேரம் 2 மணிக்குக் கீழே இருக்க வேண்டும். கேம் திறந்திருக்கிற நேரமெல்லாம் கணக்குத்தான், நீங்கள் நாற்காலியில் இருக்கிறீர்களா என்று அது பார்ப்பதில்லை. தொடக்கக் காட்சி, கிராஃபிக்ஸ் அமைப்போடு மல்லாடியது, அந்த அழைப்பு எல்லாம் சேர்ந்து, நான் கலங்கரை விளக்கத்தின் கதவைத் திறப்பதற்குள் இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டது. ஆகவே எழுந்து போனால் கேமை மூடிவிட்டுப் போங்கள். முதல் இரண்டு மணி நேரத்தை ரசிப்பதற்கு என்று வைக்காமல் சோதிப்பதற்கு என்று வையுங்கள். முன்பதிவு செய்திருந்தாலும் வெளியாகும் நாள்வரை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், அந்த 14 நாளும் வெளியான நாளிலிருந்துதான் எண்ணப்படும். இதெல்லாம் அப்புறம்தான் படித்தேன்.

மறுநாள் விளக்கு அறை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கோபமெல்லாம் இந்த அறையில்தான் இருக்கிறது. அலமாரியில் ஐந்து எண்ணெய் பாட்டில். விளக்குக்காரரின் நாட்குறிப்பில் ஒரு வரி: கடல், புல், மணல், ரத்தம், இரவு. அந்த வரிசையில் ஊற்றினால் விளக்கு எரியும். நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு. சின்னப் பிள்ளைகளே விடை கண்டுபிடித்த புதிர் இது. பழைய கேமில் மொத்தத் திரையும் 320க்கு 200 பிக்சல், 256 நிறம். பாட்டில் ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு இருக்கும், ஆனால் நீலம் என்றால் நீலம், பச்சை என்றால் பச்சை. புதிய கேமில் பாட்டில் அழகாக இருந்தது. கண்ணாடியில் தூசி, தூசியில் விரல் தடம். கூடவே ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் தங்கமாக வந்து அறை முழுக்கக் கொட்டியது. அந்த வெயிலில் ஐந்து பாட்டிலில் கறுப்பு ஒன்றுதான் சந்தேகமில்லாமல் தெரிந்தது. மீதி நான்கும் பழுப்பு. கொஞ்சம் கருத்த பழுப்பு, கொஞ்சம் வெளுத்த பழுப்பு.

முதலில் நான் கேமைச் சந்தேகப்படவில்லை, என்னைத்தான் சந்தேகப்பட்டேன். புதிரை மாற்றிவிட்டார்கள் போல, நாட்குறிப்பில் வேறு ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று நினைத்துத் தீவு முழுக்கச் சுற்றினேன். ஒன்றேகால் மணி நேரம். ஹின்ட் கேட்டால் 'நாட்குறிப்பைப் படி' என்றது. படித்தாயிற்றே! திரையின் வெளிச்சத்தைக் கூட்டினேன், மானிட்டரைச் சாய்த்தேன், அறையின் விளக்கை அணைத்துப் பார்த்தேன். கடைசியில் வேறு வழியில்லாமல் ஒவ்வொரு வரிசையாகப் போட ஆரம்பித்தேன். நான்கு பாட்டிலுக்கு 24 வரிசை. ஒவ்வொரு தப்புக்கும் விளக்கு அணைந்து, அவன் பெருமூச்சு விட்டு, படியிறங்கிப் போய் எண்ணெய் நிரப்பிக்கொண்டு ஏறிவர ஒன்றரை நிமிடம். பத்தொன்பதாவது தடவையில் விளக்கு எரிந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அன்றைக்கு அண்ணன் இதே விளக்கை ஏற்றியபோது நாங்கள் போட்ட கூச்சலில் அம்மா உள்ளிருந்து ஓடிவந்தார். இப்போது நான் கொட்டாவி விட்டேன்.

இதில் கொடுமை என்னவென்றால், அமைப்புகளுக்குள் நிறம் பிரித்தறியச் சிரமப்படுகிறவர்களுக்கான ஒரு தேர்வு இருந்தது. அதைப் போட்டால் பாட்டில்மேல் அலை, இலை என்று சின்னச் சின்ன அடையாளம் வரும். மூன்று நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது. எனக்கு நிறம் நன்றாகவே தெரியும் என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை. புதிய கேம் எதை ஆரம்பித்தாலும் அந்த மெனுவை ஒரு தடவை முழுக்க உருட்டிப் பாருங்கள். கண்ணுக்கும் காதுக்கும் என்று வைத்திருக்கும் உதவிகள் பல நேரம் செய்தவர்களின் சொந்தத் தவறுக்கே ஒட்டுப் போட்டதாக இருக்கும்.

அடுத்தது சின்ன விஷயம் மாதிரி தெரியும், எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. பழைய கேமில் திரைக்குக் கீழே பார், எடு, திற, பேசு என்று வினைச்சொற்கள் வரிசையாக இருக்கும். புதியதில் எல்லாவற்றுக்கும் ஒரே கிளிக். எடுக்கக்கூடியது என்றால் எடுத்துவிடுவான், எடுக்க முடியாதது என்றால் கர்சர் மாறவே மாறாது. அதற்கும் மேல், எங்கெல்லாம் கிளிக் செய்யலாமோ அங்கெல்லாம் வெள்ளை வளையம் மின்னிக்கொண்டே இருக்கும், அணைக்க வழியில்லை. பிக்சல் பிக்சலாகத் துழாவும் அவஸ்தை போய்விட்டது என்று சிலர் சந்தோஷப்பட்டார்கள். நியாயம்தான், மூன்று பிக்சல் சாவியைத் தேடி அழுதவன் நானும்தான். ஆனால் வளையம் வந்த பிறகு நான் அறையைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன், வளையத்தை மட்டும் பார்த்தேன். பழைய கேமில் சமையலறைச் சுவரில் ஒரு கடிகாரம் உண்டு. எந்தப் புதிருக்கும் அது உதவாது. அதன்மேல் 'பார்' என்று அழுத்தினால், "இருபது வருடமாக மூன்றரை மணி காட்டுகிறது. மாமாவைப் போலவே பிடிவாதம்" என்பான். எங்கள் வீட்டில் யாராவது பிடிவாதம் பிடித்தால் இன்னமும் 'மூன்றரை மணி' என்றுதான் சொல்வோம். புதியதில் கடிகாரம் இருக்கிறது, பெண்டுலம்கூட ஆடுகிறது. வளையம் இல்லை. கிளிக் செய்தால் ஒன்றும் நடக்கவில்லை.

மணிப் புதிரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பனிமூட்டத்தில் மணி எத்தனை தடவை அடிக்கிறது என்று எண்ணினால் பெட்டகத்தின் எண் கிடைக்கும். பழையதில் அந்தத் திரையில் இசையே கிடையாது. புதியதில் வயலின்கள் ஒரு படையே வந்து மணியை அமுக்கிவிட்டன. சப்டைட்டிலைப் பார்த்தால் 'மணி ஒலிக்கிறது' என்று மட்டும் போட்டது, எத்தனை தடவை என்று போடவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, இசையின் ஒலியை மட்டும் தனியாகப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தேன். மூன்று நிமிடத்தில் பெட்டகம் திறந்தது.

அப்புறம் கயிறு. கிணற்றில் ஒரு கயிறு தொங்கும், அதை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், கடைசியில் பாறையிலிருந்து இறங்க அதுதான் வழி. நான் எடுத்தேன். எடுத்த கையோடு அடுத்த திரைக்குப் போனேன், கேம் தானாகவே ஆட்டத்தைச் சேமிக்கிறது என்று காட்டும் ஆட்டோசேவ் சக்கரம் மூலையில் சுழன்றது. அந்த நொடியில் என்ன நடந்தது என்று தெரியாது, கயிறு கிணற்றிலும் இல்லை, பையிலும் இல்லை. நான் கவனிக்கவில்லை. இன்னும் இரண்டு மணி நேரம் ஆடி, பாறை உச்சிக்குப் போய், பையைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அண்ணனுக்கு அழைத்தேன்.

"அண்ணா, கயிறைக் காணோம்."

"கிணத்துல பாருடா."

"பார்த்துட்டேன்."

"மறுபடி பாரு. அந்தக் கேம்ல எதுவும் ரெண்டாவது தடவை பார்த்தாதான் கிடைக்கும்."

நான்கு தடவை பார்த்தேன். பழைய சேவுக்குப் போகலாம் என்றால், இருப்பதே ஒரு ஆட்டோசேவ்தான், ஒவ்வொரு திரைக்கும் அதன்மேலேயே எழுதிக்கொண்டு போகிறது. கயிறு இல்லாத உலகம்தான் எனக்கு மிஞ்சியது. மொத்தம் 13 மணி நேரம்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் இப்படி மாட்டிக்கொள்வது சகஜம். 1990இல் வந்த கிங்ஸ் குவெஸ்ட் 5இல் ஒரு பூனை எலியைத் துரத்திக்கொண்டு ஓடும். அந்தச் சில நொடியில் கையில் கிடைப்பதை வீசி எலியைக் காப்பாற்றாவிட்டால், வெகுநேரம் கழித்து நம்மைக் கட்டிப்போடும் இடத்தில் கயிற்றைக் கடிக்க அந்த எலி வராது. ஆட்டம் அங்கேயே முடிந்தது. இது நியாயமே இல்லை என்று மங்கி ஐலேண்டைச் செய்த ரான் கில்பர்ட் 1989லேயே கட்டுரை எழுதினார். அதனால்தான் அந்த வழியில் வந்த கேம்களில் மாட்டிக்கொண்டால் யோசித்தால் போதும், திரும்பத் தொடங்க வேண்டியதில்லை. எங்கள் தீவுக் கேமும் அந்த வழிதான். அதில் இல்லாத முட்டுச்சந்தைப் புதியதில் தெரியாமல் கட்டி வைத்துவிட்டார்கள். கிங்ஸ் குவெஸ்டிலாவது நமக்கு நிறைய சேவ் ஸ்லாட் உண்டு.

ஆகவே சேவ் விஷயத்தில் யாரையும் நம்பாதீர்கள். நாமே சேவ் செய்ய முடியுமா, எத்தனை ஸ்லாட் என்பதை வாங்கும் முன்பே விசாரியுங்கள். ஆட்டோசேவ் மட்டும்தான் என்றால், சேவ் கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தேடி, ஒவ்வொரு நாளும் ஆடி முடித்ததும் அதை வேறு இடத்தில் தேதி போட்டு நகல் எடுத்து வையுங்கள், அரை நிமிட வேலை. கிளவுடில் இருக்கிறதே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். கெட்டுப்போன சேவும் அங்கே போகும், நல்லதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். விமர்சனம் படிப்பதாக இருந்தால் முதல் நாள் எழுதியதைத் தள்ளிவிட்டு, கேமை முடித்தவர்கள் எழுதியதைத் தேடிப் படியுங்கள். முதல் நாள் எழுதியவர்களெல்லாம் பாட்டிலின் தூசியைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். இரண்டு மணி நேரம் ஆடியிருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

தயாரித்தவர்களுக்கு எழுதினேன். கயிறு தொலைந்த திரையின் படம், சேவ் கோப்பு எல்லாம் இணைத்தேன். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது: வருந்துகிறோம், தயவுசெய்து புதிய ஆட்டம் தொடங்கிப் பாருங்கள். பணத்தைத் திரும்பக் கேட்டேன், நேரம் தாண்டிவிட்டது என்று கடை மறுத்துவிட்டது. அது என் தப்பு, விட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு பேட்ச் வந்தது. மாற்றங்களின் பட்டியலில் பதினேழாவது வரி: 'சில சூழ்நிலைகளில் கிணற்றுக் கயிறு மறைந்துவிடும் கோளாறு சரிசெய்யப்பட்டது.' மூன்று மாதம் பொறுத்திருந்தால் அதையே பாதி விலையில் வாங்கியிருக்கலாம் என்பதையும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சரி, பழையதையே ஆடுவோம் என்று தேடினால், ரீமேக் வந்த கையோடு பழையதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். பிடித்த பழைய கேம் இன்னும் விற்பனையில் இருந்தால், ரீமேக் அறிவிப்பு வந்த அன்றே பழையதை வாங்கி வைத்துவிடுங்கள் என்று சொல்வது இதனால்தான். எனக்கு அண்ணனின் பெட்டியிலிருந்து பழைய சிடி கிடைத்தது, மேலே கீறல் இருந்தாலும் கோப்புகள் முழுசாக வந்துவிட்டன. அதை இன்றைய கணினியில் ஓட்ட ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, 2001லிருந்து ஆர்வலர்கள் எழுதிப் பராமரித்து வருகிறார்கள். கேமின் கோப்பு நம்மிடம் இருக்க வேண்டும், அதை இது படித்து ஓட்டும். ஒன்றும் கையில் இல்லாதவர்கள்கூட, உரிமையாளர்களே இலவசமாக விட்டுவிட்ட பெனீத் எ ஸ்டீல் ஸ்கை என்ற கேமை ஸ்கம்விஎம்மின் தளத்திலிருந்தே எடுத்து ஆடிப் பார்க்கலாம். ஓட்டும்போது விகிதத் திருத்தம் என்ற அமைப்பை டிக் செய்ய மறக்க வேண்டாம். அந்தக் கால மானிட்டரில் 320க்கு 200 படம் கொஞ்சம் உயரமாக இழுபட்டுத்தான் தெரியும், ஓவியர்களும் அதைக் கணக்கில் வைத்து வரைந்திருப்பார்கள். டிக் செய்யாவிட்டால் நிலா சப்பிப் போய் இருக்கும், ஆட்கள் எல்லாம் குட்டையாக இருப்பார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தேன். படகு வந்து முட்டியது, இறங்கினான், கர்சர் கைக்கு வந்தது. அண்ணனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய்க் கடிகாரத்தின்மேல் 'பார்' என்று அழுத்தினேன். எழுத்து திரையில் வருவதற்குள் அவன் வசனத்தைச் சொல்லி முடித்துவிட்டான். பிறகு கிணற்றடிக்குப் போய்க் கயிறை எடுத்தோம். எடுத்ததும் சேவ் செய்தேன், இரண்டு ஸ்லாட்டில்.